அப்பாவுக்கு வைத்த பிரியாணி

“பொட்டப்புள்ள படைச்சா எங்கண்ணன் வந்து எடுத்துக்குவாருன்னு நெனைக்கிறியா?”

அப்பாவின் முதலாம் ஆண்டு திதியில் சித்தப்பா என்னிடம் கேட்டது இது. எனக்கு உடன்பிறந்தவன் இல்லை என்பதால் அவருடைய மகன்தான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டமும் வாங்கியிருந்தேன். ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

பிறகு துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பக்கத்து மேஜையில் மெக்சிகோ நாட்டுப் பெண் ஒருத்தி. நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள், ஆரஞ்சு நிறப் பூ எங்கே நிறையக் கிடைக்கும் என்று கேட்டாள். பர் துபாய் கோயில் சந்துக்குக் கூட்டிப்போனேன். துலுக்கச் சாமந்தியை அள்ளி வாங்கிக்கொண்டே சொன்னாள்: அவர்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். படம் வைத்து, பூப் போட்டு, பிடித்ததைச் சமைத்து வைப்பார்களாம்.

“யார் வைக்கணும்? மகனா?”

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “யாருக்கு நினைப்பு இருக்கோ அவங்க. உன் அப்பா படத்தையும் கொண்டு வாயேன்.”

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். சித்தப்பாவுக்குப் பதில் சொல்லிவிட்ட மிதப்பு எனக்கு. இறந்துபோன தன் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டு அவள் கேட்டாள்: “அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. என் சின்ன வயது முழுக்க அவர் இதே துபாயில் கட்டட வேலையில் இருந்தார். லீவில் வந்தால் அவர் பெட்டியைத்தான் பார்த்தேன், தட்டைப் பார்த்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“மட்டன் பிரியாணி” என்றேன்.

கீழே இருந்த கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்து, தன்னிடம் இருந்த நல்ல தட்டில் பரிமாறி வைத்தாள். நான் ஊருக்குப் பேசும் போன் கார்டைச் சுரண்டி, அங்கிருந்தே அம்மாவுக்குப் பெருமையாகப் போன் போட்டேன்.

“பிரியாணியா? கறி வாடையே ஆவாதேடி அவருக்கு! எந்திரிச்சு வெளிய போயிருவாரே.”

“அப்ப என்னதாம்மா பிடிக்கும்?”

“ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ற மனுசன். வச்சத நல்லாருக்குன்னு தின்னுட்டுப் போயிருவாரு. அங்க எத விரும்பித் தின்னாரோ, கூட ரூம்ல இருந்தவுகளத்தான் கேக்கணும்.”

திரும்பிப் பார்த்தேன். கறியின் ஆவி படத்தில் அப்பாவின் முகத்துக்கு நேரே எழும்பிக்கொண்டிருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்து, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறேன். தட்டை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டவளிடம் உள்ளதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள்.

அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர் இப்போது கடல்கழிக்கு அக்கரையில், தேராவில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். அம்மாவிடம் நம்பர் வாங்கி மறுநாளே பேசினேன். இன்னார் மகள் என்றதும், “அட, நம்ம புள்ளையா! துபாய்க்கு எப்பம்மா வந்த?” என்றார்.

வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது என்று சொல்லக் கூசியது. அப்பா தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் எந்தப் பக்கம் என்றுகூட அதுவரை நான் விசாரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்கப் படகேறி அக்கரைக்குப் போனேன்.