கயலுக்கு எத்தனை கூட்டாளி?

இங்கே சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் மத்தியானம்தான் தொடங்குகிறது. ரசம் சாதம் சாப்பிட்டு, வாய் கழுவி, பையை மாட்டிக்கொண்டு வேனுக்காக நிற்கிற ஒன்பது வயது மகள் கயலைப் பார்க்கும்போதெல்லாம், பிள்ளை படிக்கப் போகிறதா, மேட்னி ஷோவுக்குப் போகிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. திருச்சியில் அந்த நேரத்துக்கு நான் போன இடம் அதுதான். பொழுது சாயும்போது வேன் திரும்பும். "ஸ்கூல் எப்படிம்மா இருந்துச்சு?" என்பேன். "ஓகேப்பா." முடிந்தது. மலாய் நாட்டில் இந்தப் பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்குக் கிடைக்கும் தினச் செய்தி இவ்வளவுதான்.

என் மனைவி சுமதி இந்த நாட்டுக்காரி, குளுவாங் ஊர். திருச்சிக்குப் படிக்க வந்தவளை நான் பேசிப் பேசியே கல்யாணம் செய்துகொண்டேன். அந்தப் பாவத்துக்கு இப்போது அவள் நாட்டில் வந்து பேச்சில்லாமல் நிற்கிறேன். திருச்சி பாலக்கரையில் பாதிப் பாடத்தை வகுப்புக்கு வெளியே நின்று படித்தவன் நான். அவ்வளவு வாய். கயலோ பிறந்தபோதே அழலாமா வேண்டாமா என்று யோசித்த பிள்ளை. அவளைக் கொண்டுபோய் மலாய் பேசும் வகுப்பில் உட்கார வைத்துவிட்டோம். ஒரு கூட்டாளியாவது கிடைத்திருப்பாளா என்பதுதான் என் கவலை. இங்கே சிநேகிதரைக் கூட்டாளி என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் போலீஸ் யாரையோ தேடுகிறது என்று நினைப்போம்.

தீபாவளி நெருங்கியபோது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ஓப்பன் ஹவுஸுக்கு என் வகுப்புல எல்லாரையும் கூப்பிட்டுட்டேன்." அந்த வருஷத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம். பண்டிகையை ஒட்டி வீட்டைத் திறந்து வைத்து, மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பாராமல் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவது இங்கத்திய வழக்கம். "எத்தனை பேர் வருவாங்க?" என்றேன். தோளைக் குலுக்கினாள்.

திருச்சியில் அவளுடைய பிறந்தநாள் ஒன்றுக்கு எதிர் ஃபிளாட் பையன் மட்டும் வந்து, இரண்டு பேருமாக அத்தனை பலூனையும் உடைத்துத் தீர்த்தது கண்ணுக்குள் நின்றது. இங்கும் அப்படியே யாரும் வராவிட்டால்? லாரியில் ஆள் ஏற்றிக் கூட்டம் காட்டுகிற மண்ணில் பிறந்தவன் சும்மா இருப்பேனா? முடிவெட்டுகிறவர், கேஸ் போடுகிற மலாய்க்காரர், அலுவலகக் காவலாளி என்று அகப்பட்டவர்களையெல்லாம் என் வீட்டுக்கு வரச்சொல்லி ஓட்டை மலாயில் அழைத்தேன். "டாத்தாங், ரூமா சாயா, சனிக்கிழமை, பிள்ளைங்களையும்!" சனிக்கிழமையையும் பிள்ளைகளையும் தமிழிலேயே சொன்னதாகப் பிறகு நினைவு வந்தது.

சுமதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். "அலமாக்! பெத்த பிள்ளைக்கு வாடகைக்கா ஆள் பிடிக்கிறீங்க? அவ பாத்துக்குவா, நீங்க சும்மா இருங்க லா!"

அந்தச் சனிக்கிழமை. கயல் காகிதத் தட்டுகளை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள். நான் வாசல் கேட்டுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். முதலில் வந்தது கேஸ்காரர், தோளில் சிலிண்டரோடு. நான் பதறி அழைத்த அழைப்பு, அடுப்பு அணைந்த வீட்டின் அவசரமாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. சிலிண்டரை வாங்கி ஓரமாக வைத்து, அவரை உட்கார்த்தித் தோசை போட்டோம். கூட்டம்: ஒருவர். கயல் என்னைப் பார்த்தாள். நான் கேஸ்காரருக்கு இன்னொரு தோசை வைத்தேன்.

அப்புறம் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. "கயல்! கயல்!" என்று தெருமுனையிலிருந்தே குரல்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனது. விசித்திரம் என்னவென்றால், ஒவ்வொரு பிள்ளை கையிலும் மூடிய தட்டு ஒன்று. அல்யாவிடம் பூத்துணி போட்ட தட்டில் குயே, அதாவது தேங்காய்ப் பலகாரம். ஜியா சின்னிடம் கைக்குட்டைக்கு அடியில் ஆரஞ்சுப் பழம். ஒரு பையன் பிஸ்கட் பாக்கெட்டைத் தட்டில் வைத்து, முகம் துடைக்கும் துண்டால் மரியாதையாக மூடியிருந்தான். அல்யா மலாயில் ஏதோ சொல்ல, சுமதி எனக்குத் தமிழில் சொன்னாள்: "உங்க ஊர் தீபாவளியில தட்டு தெருவெல்லாம் நடக்குமாம், மூடிதான் கொண்டு போகணுமாம். கயல் சொல்லியிருக்கா."

நடக்கத்தான் செய்தது. பாலக்கரைச் சந்தில் விடிந்தும் விடியாமலும் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டுகள் புறப்பட்டுவிடும். மேலே வாழையிலை, அதன் மேல் என் தம்பி முரளியின் கண். ஃபாத்திமா அக்கா வீடு, அந்தோணி சார் வீடு என்று போகிற வழியில் ஒரு லட்டு குறையும். தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை. பட்டாசுப் புகையும் நெய்யும் கலந்த அந்த வாசனையைத் தூங்கப் போகும்போது கயலுக்குச் சொல்லியிருக்கிறேன். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து, எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வகுப்பு ஆசிரியையும் வந்திருந்தார். "பிள்ளை பேசவே மாட்டேங்குதே?" என்று சுமதி மூலம் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார். "பேசாது. ஆனா யார் அழுதாலும் அவ பக்கத்துலதான் போய் உட்காருவாங்க. இடம் மாத்துற நாள் வந்தா எனக்குத் தலைவலி, எல்லாருக்கும் கயல் பக்கத்து நாற்காலிதான் வேணும்." சுமதி இதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் நான் சமையலறைக்குப் போய்விட்டேன். வெங்காயம் எதையும் நான் நறுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் முரளி வீடியோவில் வந்தான். மேசை முழுக்கத் தட்டுகள். "டேய், இதுல நம்மளோடது எது?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் கயல் நடுவில் வந்துவிட்டாள். "இருங்க சித்தப்பா. இது அல்யாவோடது, அவ அம்மா செஞ்சது. இது ஜியா சின் கொண்டாந்தது, அவளுக்குப் பல்லு விழுந்துடுச்சு. இது ஹக்கீம், அவன் ரொம்ப அழுவான், ஆனா நல்லவன்…" மலாயும் தமிழுமாக ஒவ்வொரு தட்டாகச் சொல்லிக்கொண்டே போனாள். முரளிக்குப் பாதி புரிந்திருக்காது. போனைப் பிடித்த கை வலித்தும் நான் அசையவில்லை. எங்கள் அதிரசத் தட்டு மேசையின் மறுகோடியில் இருந்தது. அவள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.