முப்பத்தெட்டை நம்பாத ஜீவராணி

வட்டவளை ஜீவராணி சாமி கும்பிடும்போதும் ஒரு கண்ணைத் திறந்தேதான் வைத்திருப்பாள். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குக் கேபிள் டிவியும் இணையமும் இழுத்துக் கொடுப்பது அவள் தொழில். தொழிலின் பெயர் 'குளவி'. குளவி கலைந்தால் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு மலையே ஓடும். அந்தப் பயம் வயர் திருடுகிறவனுக்கும் இருக்கட்டும் என்று வைத்த பெயர். பனி இறங்கிப் படம் மங்கினால், பனியை அனுப்பியது யார் என்று விசாரிப்பாள்.

ஒருநாள் ஹட்டன் வக்கீல் பிரேமினி அழைத்தார்.

"அக்கா, 'குளவி'ங்கிற பேரை இணையச் சேவைக்குக் கேட்டு ஒரு கம்பனி விண்ணப்பம் போட்டிருக்கு. அரசாங்க வர்த்தமானியில வந்திருக்கு. மூணு மாசத்துக்குள்ள நாம எதிர்க்கலேன்னா பேரு அவங்களுக்குப் போயிரும்."

ஜீவராணி போனை வைத்த கையோடு, கம்பத்தில் ஏறியிருந்த வயர்காரன் சுதாகரனை இறக்கினாள்.

"புதுச் சப்பாத்து யாருடா வாங்கிக் குடுத்தது? அந்தக் கம்பனியா?"

"மாமியாருதான்க்கா. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

மறுநாள் பிரேமினியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தியே பதிஞ்ச பேரு மிஸ். எவன் காட்டிக் குடுத்தான்?"

"யாரும் இல்லக்கா. நீங்க பதிஞ்சது வர்த்தகச் சின்னத்துல ஒன்பதாம் வகுப்பு. அது பெட்டி, ரிமோட்டு மாதிரி சாமானுக்கு. சேவைக்கு முப்பத்தெட்டு. நான் அன்னிக்கே சொன்னேன்."

சொன்னது உண்மைதான். 'ஒண்ணு கேட்டா முப்பத்தெட்டைத் தலையில கட்டப் பாக்குறீங்களா?' என்று அன்று சண்டை பிடித்து, ஒன்பதை வாங்கிக்கொண்டு போனவள் இவளேதான்.

"சரி, முன்னாடியிருந்தே இந்தப் பேருல சேவை நடத்துறீங்கன்னு காட்டணும். வருசம் போட்ட காகிதம் ஏதாச்சும் இருக்கா?"

ஜீவராணி பையிலிருந்து எட்டு வருடத்துத் தேர்த் திருவிழா நோட்டீஸ்களை எடுத்துப் பரப்பினாள். எல்லாவற்றிலும் 'உபயம்: குளவி கேபிள் சேவை', பக்கத்தில் குளவிப் படம், அதன் மேல் பென்சிலால் அளவு.

"இதையெல்லாம் ஏங்க்கா சேத்து வச்சீங்க?"

"கோயில் செயலாளர் இராமையா வருசா வருசம் என் குளவியச் சின்னதாக்குறாரு. அடிமட்டம் வச்சு அளந்து வச்சிருக்கேன். ஒருநாள் கேக்கத்தான் போறேன்."

அந்த நோட்டீஸ்களோடு எதிர்ப்பு கொழும்புக்குப் போனது. ஏழு மாதத்தில் கம்பனி விண்ணப்பத்தை மீளப் பெற்றது. பிறகு ஜீவராணி பெயரிலேயே முப்பத்தெட்டாம் வகுப்புக்கு விண்ணப்பம் போட்டு, அதற்கும் பதிவுப் பத்திரம் வந்தது.

அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடிமட்டத்தை எடுத்து அதிலிருந்த குளவிப் படத்தை அளந்தாள். குறை ஒன்றும் கிடைக்காதது அவளுக்கு உறுத்தியது.

"மிஸ், மொத்தம் எத்தன வகுப்பு?"

"நாப்பத்தஞ்சு."

"என்கிட்ட ரெண்டு இருக்கு. மிச்ச நாப்பத்து மூணுல எவன் குளவிய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான்?"