ஏரி யாருடையது என்று கேட்ட சவரிமுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை லோதி ரோட்டில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது, சவரிமுத்து அவர்களின் மகள் தொலைபேசியில் அழைத்தார். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண். "அங்கிள், அப்பா நஹீ ரஹே" என்று இந்தியில் தொடங்கி, எனக்காகத் தமிழுக்கு மாறி, "தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "அச்சா". 'சரி', 'நல்லது' என்று எதற்கும் சொல்ல இத்தனை வருடத் தில்லி வாழ்க்கை பழக்கிவிட்ட சொல். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சவரிமுத்து தூத்துக்குடிக்காரர். மாநிலச் சட்டமன்றங்கள் நிறைவேற்றும் மசோதாக்களில் சிலவற்றை ஆளுநர்கள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பிவைப்பார்கள். அவை வந்து சேரும் மத்திய அரசுப் பிரிவு ஒன்றில் நாங்கள் பதினேழு ஆண்டுகள் எதிரெதிர் மேஜையில் வேலை பார்த்தோம். எந்த அதிகாரம் மத்திய அரசுக்கு, எது மாநிலத்துக்கு, எது இருவருக்கும் பொது என்று அரசியல் சட்டத்தில் மூன்று பட்டியல்கள் உண்டு. அவற்றைப் பார்த்து, மசோதாவை எந்த அமைச்சகத்தின் கருத்துக்கு அனுப்புவது என்று குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் எழுதினால் மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் பிரிவின் வழக்கம்.

எனக்கு அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. அவருக்கோ அந்தப் பட்டியல்கள் தீராத ஆச்சரியம். சேர்ந்த முதல் வாரமே கேட்டார்: "அண்ணாச்சி, உப்பு மத்திய அரசுப் பட்டியல்ல இருக்கு, மீனு மாநிலப் பட்டியல்ல இருக்கு. எங்க ஊர்ல ரெண்டையும் ஒரே கடல்லதான எடுக்கோம்?" நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததும் வந்தது. "அதுலயும் பன்னிரண்டு கடல் மைலத் தாண்டிட்டா அது மத்திய அரசு மீனு. அந்த மீனுக்கு யாரு போய்ச் சொல்லுதது?"

"நோட்டீஸ் அனுப்புங்க" என்றேன் எரிச்சலோடு. அவர் சிரித்தார். ஆனால் எல்லையை ஏன் அங்கே வைத்தார்கள் என்று மதியச் சாப்பாடு முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. மாலை நடையிலும் விடமாட்டார். "இங்க போலீஸ் மத்திய அரசு, பஸ்ஸு தில்லி அரசு. பஸ்ஸுக்குள்ள ஜேப்படிக்காரன் ஏறிட்டான்னா இப்ப யாரு பொறுப்பு?" மையம் பலமாக இருந்தால்தான் நாடு நிற்கும் என்பது என் கட்சி. "பலமா இருக்கட்டும் அண்ணாச்சி. ஆனா கிட்ட நிக்கவனுக்குத் தெரியுதது தூரத்துல நிக்கவனுக்குத் தெரியாதுல்லா" என்பார். சண்டை போட்டுக்கொண்டே வீடு வந்து சேருவோம்.

ஒருமுறை ஒரு மாநிலத்திலிருந்து ஏரி மீன்பிடிப்பு மசோதா வந்தது. குத்தகைக்காரரிடமிருந்து மீன்பிடி உரிமையை எடுத்துக் கரையோரக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் மசோதா. அதில் ஓர் ஆற்றின் பெயர் இருந்தது. பல மாநிலங்கள் வழியாக ஓடும் ஆறு. மாநிலங்களுக்கு இடையிலான ஆறு என்றால் மத்திய அரசுக்கும் அதில் பங்கு உண்டென்று குறிப்பெழுதி, தண்ணீர் பார்க்கும் அமைச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார். அங்கே அது ஒரு வருடம் தூங்கியது.

அந்த மாநில அலுவலகத்துக்கு அவர் அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார். ஒருநாள் பேசிவிட்டு, பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை என் மேஜையில் விரித்தார்.

"அந்த ஆறு ஏரிக்குப் பக்கத்துலகூட வரல. ஏரி முழுசா அந்த மாநிலத்துக்குள்ளதான் கெடக்கு. ஏரிக்கும் ஆத்துக்கும் பேரு மட்டும் ஒண்ணு. நீங்க படம் பாத்தீயளா?"

நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லவும் இல்லை. அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் இருவர் பெயரும் பரிசீலனையில் இருந்தன.

"அந்தச் சனங்க இந்த வருசமும் குத்தகைக்காரருக்குத்தான் வலை இழுக்காங்க. நீங்க திருத்தி எழுதுதீயளா, நான் எழுதட்டுமா?"

நான் வேறொரு கோப்பை இழுத்துப் பிரித்தேன். மாலைவரை காத்திருந்துவிட்டு அவரே எழுதினார். 'ஏரியின் இருப்பிடத்தை நான் சரிபார்க்கத் தவறியதால் தாமதம் நேர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஏன் இப்படி என்று கேட்டேன். "கீழ என் கையெழுத்து இருக்குல்லா" என்றார். மூன்று வாரத்தில் மசோதாவுக்கு ஒப்புதல் கிடைத்தது. பதவி உயர்வு எனக்கு வந்தது, அவருக்கு வரவில்லை.

அதன் பிறகும் மாலையில் என் கதவைத் தட்டி நடக்கக் கூப்பிட்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. எதனால் ஆன மனிதர் இவர் என்று நானும் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இன்றுவரை விளங்கவில்லை.

புதன்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது தோன்றியது: அடக்கம் செய்வது மாநிலப் பட்டியல், இறப்பைப் பதிவது பொதுப் பட்டியல், தில்லியோ முழு மாநிலமே இல்லை. கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்குப் பேசியிருப்பார். அவர் மனைவி பிலோமினா அம்மா, "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். நல்லவர், நேர்மையானவர் என்று எல்லாரும் சொல்வதையே சொன்னேன். கைப்பிடி மண்ணைப் போடும்போது அந்த ஏரி விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். மண்ணைப் போட்டுவிட்டு அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்தேன்.

அந்தக் கோப்பு எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். எடுத்துப் படிப்பவர்கள் சவரிமுத்து கவனக்குறைவானவர் என்று நினைப்பார்கள். அவர் பிள்ளைகளுக்கும் இது தெரியாது. அவர்கள் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

போய் வாருங்கள், சவரிமுத்து. படம் பார்க்காதவன் நான்தான்.