காளை என்று சொல்லிவிட்டேன்

கால்நடை மருத்துவனாக இத்தனை வருடம் மாடுகளுக்குப் பின்னால் நின்றவன் நான். ஸ்கேன் கருவி கைக்கு வந்த புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதச் சினையிலேயே வயிற்றுக்குள் இருப்பது கிடாரியா காளையா என்று சொல்லிவிடலாம். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

சாஆ என்ற சிற்றூரில் ஓர் அக்கா தானாகவே கேட்டு அழைத்தார். அவருக்கு இருந்தது ஒரே பசு, அது சினையாயிருந்தது. இந்த வயதில் மாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று ஜொகூர் பாருவிலிருந்த மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். கிடாரி என்றால் பசுவும் அக்காவும் சாஆவிலேயே இருக்கலாம். காளை என்றால் பசுவை விற்றுவிட்டு அவர் மகனோடு போய்விட வேண்டும்.

கையை உள்ளே விட்டு, திரையில் கருவைப் பிடித்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை. ஆணுக்குக் குறி அங்கேதான் தெரியும், பெண்ணுக்கு வாலடியில். "காளைதான்க்கா!" என்று நாலு நம்பர் லாட்டரி அடித்தவன் மாதிரி கத்தினேன். அக்கா பசுவின் முதுகைத் தடவினார். "சரி லா டாக்டர்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை குளுவாங்கில் என் வீட்டில், மனைவியிடம் பெருமையடிக்க அந்த ஸ்கேன் பதிவை ஓட்டிக் காட்டினேன். "இந்த வெள்ளை ஏன் இவ்ளோ நீளமா போகுது?" என்று கேட்டாள். அது தொப்புள் கொடி! வாலடிப் பக்கம் நான் கருவியைத் திருப்பவே இல்லை. பசுவை ஏற்ற அன்றைக்குத்தான் லாரி வருகிறது. அக்கா ஃபோனை எடுக்கவில்லை.

காரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். முன்னால் போன ஒவ்வொரு செம்பனை லாரியையும் திட்டினேன். என்னைத் திட்டிக்கொண்டது அதைவிட அதிகம். போய்ச் சேர்ந்தபோது லாரியின் பின்கதவு இறங்கியிருந்தது. பசுவை வாங்கிய பாய் கயிற்றைப் பிடித்து நின்றார். மகனும் வந்திருந்தான்.

"ஏத்தாதீங்க பாய்! ஏத்தாதீங்க!"

"அலமாக், என்ன டாக்டர் ஆச்சு?"

பதில் சொல்லக்கூட நிற்காமல் மறுபடி ஸ்கேன் செய்தேன். தொப்புள் பக்கம் கொடியைத் தவிர ஒன்றுமில்லை. வாலடிக்குத் திருப்பினேன். அங்கே இரண்டு குட்டி வெள்ளைக் கோடுகள், ஒன்றையொன்று ஒட்டி! "கிடாரிக்கா! கிடாரி!" என்று துள்ளினேன். கை இன்னும் பசுவுக்குள் இருந்தது. நல்லவேளை, அது உதைக்கவில்லை.

"போன வாரம் காளைன்னீங்க?" என்றான் மகன். நியாயமான கேள்வி.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி" என்றேன். மனசு கேட்காமல், "வேணும்னா ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துடறேன்க்கா" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா அதற்குள் பாயின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக் கொட்டகைத் தூணில் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"டாக்டர், நீங்க எப்ப வேணா வாங்க, டீ குடிங்க. அந்த மெஷின மட்டும் இனிமே இந்தப் பக்கம் கொண்டாராதீங்க."