பாதிப் புகார்

கேரளத் தலைநகரில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறேன். தமிழில் அச்சாகும் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மருந்துக் கடை காலண்டர். ஒரு ஜூன் மாதம் வனத்துறை போஸ்டர் ஒன்று வந்தது. போனக்காடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒட்டுவதற்காகத் தமிழில் போடச் சொல்லியிருந்தார்கள். பிடிக்கவும் விற்கவும் கூடாத உயிர்களின் படங்கள். நட்சத்திர ஆமை, தேவாங்கு, கடல்குதிரை, கீழே மூலையில் ஒரு மீன். வெள்ளி உடம்பு, மூக்கிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேலே பாதி தூரத்துக்குக் குங்குமச் சிவப்பில் இன்னொரு கோடு. அந்த மீனுக்கு ஊரில் மிஸ் கேரளா என்று பெயர். டைப் செய்தவர் அதைத் தமிழாக்கி, 'கேரள அழகியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம்' என்று போட்டிருந்தார். நான் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, மிஸ் கேரளா என்றே மாற்றி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் பழவங்காடியில் மழை பிடித்துக்கொண்டது. கணபதி கோயிலைத் தாண்டி ஒரு சந்தில் மீன்தொட்டிக் கடை ஒன்றின் முன்னால் ஒதுங்கினேன். திரும்பினால் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு மிஸ் கேரளா! என் போஸ்டர் உயிரோடு வந்து நீந்தியது. முப்பத்தாறு வயது வரை எழுத்துப் பிழையைத் தவிர ஒரு குற்றத்தையும் கண்டுபிடிக்காதவன் நான். மழையிலேயே பஸ் ஸ்டாப்புக்கு ஓடி, போஸ்டரின் அடியில் நான் சரிபார்த்த அதே எண்ணுக்குப் போன் போட்டேன்.

"சார், பழவங்காடியில ஒரு கடையில மிஸ் கேரளாவ வச்சு விக்காங்க."

"ஆரெ? யாரை?" என்றார் மறுமுனையில் மலையாள அதிகாரி.

"மிஸ் கேரளாவ சார். ஆறு பேரு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள. நானே கண்ணால பாத்தேன்."

"சாரே, இது வனத்துறையாணு. போலீஸ்ல போன் விளிச்சுப் பறயணும்."

"மீனு சார், மீனு!"

அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. சிரித்து முடித்ததும் குரல் மாறியது. கடையின் பெயரும் கதவு எண்ணும் வேண்டும், அந்தச் சந்தில் அப்படி நான்கைந்து கடைகள் உண்டு, சரியான விலாசம் இல்லாமல் இறங்கினால் மற்றவர்கள் மீனை ஒளித்துவிடுவார்கள் என்றார். நாளைக்கே பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் கதவு எண்ணைப் பார்க்கப் போனேன். ஷட்டருக்கு மேலே அண்ணாந்து பார்த்து நின்றபோது உள்ளிருந்து ஒரு பெண் குரல் தமிழில் கேட்டது: "நேத்து மழைக்கு ஒதுங்கினீங்கல்லா சார்? இண்ணைக்கு வெயிலுக்கா?"

கடைக்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். முழங்கை வரை தண்ணீருக்குள் கைவிட்டுத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களைச் சுற்றி மீன்கள் மொய்த்தன. நான் நினைத்து வைத்திருந்த குற்றவாளிக்கு மீசை இருந்தது.

"மீன் வாங்க வந்தேன்," என்றேன்.

"என்ன மீனு?"

"சின்னதா... ஏதாவது."

இரண்டு கப்பியைப் பையில் போட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுத்தாள். தொட்டி இருக்கா என்று கேட்டதற்கு இருக்கிறது என்று பொய் சொன்னேன். கரமனையில் நான் தங்கியிருக்கும் அக்கா வீடு வரை அந்தப் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். வீட்டுக்கு வந்து அக்காவின் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி மீனை விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, கதவு எண்ணைப் பார்க்கவே இல்லை.

அதற்கடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். எண்ணைப் பார்க்கத்தான் போகிறேன் என்று ஒவ்வொரு நாளும் நானே நம்பினேன். கப்பி, மோலி, பிளாட்டி என்று வீட்டில் இருந்த பாட்டில், டம்ளர், குக்கர் எல்லாவற்றிலும் மீன் நீந்தியது. நாகர்கோயிலிலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருடமாக இந்த ஊரில் குடியிருக்கும் என் அக்கா, ஒருநாள் சாம்பார் வைக்கப் பாத்திரம் தேடிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"லேய், இது வீடா, கடலா?"

அந்த நாட்களில் நான் நடக்கவில்லை, மிதந்தேன். அச்சகத்தில் 'மணமகன்' என்பதை 'மனமகன்' என்று விட்டுவிட்டேன். அறுநூறு பத்திரிகை. முதலாளி கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது.

கடைக்காரி போனக்காட்டில், தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்தவள். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவள். இவள் மலைக்குக் கீழே விதுராவில் படித்தாள். தோட்டத்தில் கூலி ஒழுங்காக வராமல் போனபோது, இந்தக் கடையில் வேலைக்கு வந்தாள். கடைக்காரர் வளைகுடாவுக்குப் போனபோது கடையை இவளிடமே விட்டுவிட்டார். இதெல்லாம் நான் கேட்காமலே சொன்னது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த மிஸ் கேரளா எங்கேருந்து வருது?"

"பண்ணையில வளத்ததுன்னு சப்ளையர் சொல்லுதாரு."

"பண்ணை மீனுன்னு பேப்பர் ஏதாவது உண்டா?"

"மீனுக்கு என்ன சார், ஆதார் கார்டா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். புகாரைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அப்போது ஒரு வாடிக்கையாளர் வந்து இரண்டு மிஸ் கேரளா கேட்டார். அவள் பிடித்துப் பையில் விட்டாள். "அந்த ரப்பர் பேண்டை எடுங்க சார்," என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் ஒரே குதூகலமாக இருந்தாள். ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் பெரிய தொட்டி வைக்கிறார்களாம், நாற்பது மிஸ் கேரளா வேண்டுமாம், புது லோடு வரப்போகிறதாம். என் மிதப்பு அங்கேயே இறங்கிவிட்டது. ஆறு மீனைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நாற்பதை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவ இடத்துல ஒரு தாடிக்காரன் உன்னை முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருந்தா, முத நாளே நம்பர் கொடுத்திருப்ப. உண்டா இல்லியா?"

"உண்டு."

"அப்போ நீ மீனுக்காகவும் போகலை, நியாயத்துக்காகவும் போகலை."

"இப்போ கொடுக்கணுமாக்கா, வேண்டாமா?"

"அது எனக்குத் தெரியாது மக்கா. கொடுத்தா அவ பொழப்பு. கொடுக்காட்டா அந்த மீனு. எதுவா இருந்தாலும் முதுகுக்குப் பின்னால செய்யாதே. நேர நின்னு சொல்லு."

மறுநாள் நேரே போய் நின்றேன்.

"நான் உங்க மேல புகார் கொடுத்திருக்கேன்," என்றேன். "பாதி."

"பாதியா?"

"விலாசம் மட்டும் கொடுக்கலை."

வேடிக்கை என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் போஸ்டரை விரித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"எத்தனை நாளாச்சு?"

"பதிமூணு."

"இத்தனை நாளா என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு... வேவு பாக்கவா வந்தீங்க?"

"முதல் நாள் மட்டும்."

"பெறகு? கப்பி வாங்கவா?"

"அதுக்கும் இல்லை."

"பின்ன எதுக்கு?"

இரண்டு காதும் சுட்டன. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் இரட்டிப்பானது.

"வெளிய போங்க சார்."

போனேன். விலாசத்தைக் கொடுக்க அன்று கை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், மீன் பில்லில் நான் குறித்துக் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் வந்தது. அவள்தான்.

"அந்த ஆபீசர் நம்பரக் கொடுங்க. நீங்களும் இங்க வாங்க."

அச்சகத்தில் யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். ஹோட்டலுக்குச் சொல்லிவைத்திருந்த லோடு வந்திருந்தது. பாதி மீன் மிதந்தது. மிச்சம் இருந்தவை தொட்டியின் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மூக்குத் தோல் உரிந்திருந்தது. உடம்பில் வலையின் தடம்.

"பண்ணையில வளந்த மீனு கையக் கண்டா தீனிக்கு ஓடி வரும்," என்றாள். கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மூலையில் இருந்தவை இன்னும் நெருங்கி நடுங்கின. "இது ஆத்து மீனு. சப்ளையர் புளுகியிருக்காரு. எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. கேட்டா பதில் கிடைச்சிருமேன்னு கேக்கலை."

அவளே போன் செய்தாள். கடைப் பெயர், கதவு எண், பக்கத்துக் கடை அடையாளம், எல்லாம் தெளிவாகச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி என் குரலைக் கேட்டதும், "மிஸ் கேரளா சார் அல்லே?" என்று கைகொடுத்தார். கூட வந்த வனக்காவலர் ஒரு பெரிய வலையோடு தொட்டியில் பாய்ந்தார்.

"ஐயோ, அப்படிப் பிடிச்சா செதில் போயிரும்! தள்ளுங்க!" என்று அவள் வலையைப் பிடுங்கினாள்.

அதன் பிறகு பறிமுதல் முழுவதையும் அவளே நடத்தினாள். பைக்கு மூன்று மீனுக்கு மேல் கூடாது, வெயிலில் வைக்காதே, அந்தத் தண்ணீரையே ஊற்று. அதிகாரியும் காவலரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் நின்று பை பிடித்தார்கள். நான் மறுபடியும் ரப்பர் பேண்ட் கொடுத்தேன். பிறகு அதிகாரி பறிமுதல் விவரத்தை மகஜராக எழுத உட்கார்ந்தார்.

"புகார் கொடுத்தது ஆரு?"

"நான்," என்றோம் இரண்டு பேரும்.

அவர் பேனாவை மூடிவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "கடை ஆருடெயா?"

"என்னோடதுதான்," என்றாள் அவள்.

"என்றெ தெய்வமே," என்று பேனாவை மறுபடி திறந்தார்.

மீனைப் பிடித்தது எந்த ஆற்றில் என்று தெரியாமல் கண்ட ஆற்றில் விடக்கூடாதாம். அது தெரியும்வரை ஒரு கல்லூரி ஆய்வகத்துத் தொட்டியில் வைப்பார்களாம். வழியில் மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் ஜீப்பில் ஏறினாள். பை பிடிக்க ஆள் வேண்டும் என்று நானும் ஏறினேன். மடி நிறையப் பைகள். ஒவ்வொரு குழியிலும் அவள் டிரைவரைத் திட்டினாள். பாளையம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"பைய நேராப் பிடிங்க. பயப்படாதீங்க, நான் கடிக்க மாட்டேன்."

ஆய்வகத்தில் பைகளை முதலில் அப்படியே மிதக்கவிட்டாள். தண்ணீரின் சூடு சமமானதும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மீன்கள் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னால் எல்லாமே ஒரே திருப்பத்தில் புறப்பட்டன. இருபது சிவப்புக் கோடுகள் ஒன்றாக வளைந்து திரும்பின. அவள் "பாத்தீங்களா!" என்று ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள். எனக்கு நின்ற இடத்திலேயே தலை சுற்றியது.

மற்றதெல்லாம் அவ்வளவு சுலபமாக இல்லை. கடை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. ஹோட்டல் ஆர்டர் போயிற்று. பக்கத்துக் கடைக்காரர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். சப்ளையர் சிக்கினார். வழக்கு இன்னும் நடக்கிறது. தானே தகவல் கொடுத்தவள் என்று அதிகாரி எழுதியது அவளுக்குக் கொஞ்சம் துணை. சாட்சி சொல்லக் கூப்பிடும் நாட்களில் இருவரும் வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போய் நாள் முழுக்கக் காத்திருந்து திரும்புகிறோம். நான் வாயை மூடியிருந்த அந்தப் பன்னிரண்டு நாளில் விற்றுப்போன மீனைப் பற்றி அவள் சில சமயம் கேட்பாள். அது தன் கணக்கா, என் கணக்கா என்று. இருவருக்கும் உரியது என்பேன். அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். எனக்கும் அது முழுப் பதிலாகத் தோன்றுவதில்லை.

கடை மறுபடி திறந்த வாரம் அவள் அம்மாவைப் பார்க்க இருவரும் போனக்காட்டுக்கு பஸ் ஏறினோம். எங்கள் கல்யாண விஷயத்தை அம்மாவிடம் என்னையே சொல்லச் சொல்லியிருந்தாள். விதுரா தாண்டியதும் ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் அவள் என் மேல் சாய்ந்தாள், அடுத்த வளைவில் நான் அவள் மேல் சாய்ந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன், எல்லாம் கலைந்து கலைந்து போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னத்துக்குச் சிரிக்கீங்க?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.