ஃபில்டருக்குள் பாடியவள்

பேய், பிசாசு, ஆவி எதையும் நம்புகிற ஆள் நான் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிப்பதற்குள் நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். செங்கல்பட்டில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் ஆம்ப்ளிஃபயரையும் மிக்ஸரையும் பிரித்து மாட்டுவதுதான் என் பிழைப்பு. எங்கள் சர்ச்சில் ஒருமுறை ஸ்பீக்கருக்குள் யாரோ முனகுகிறார்கள் என்று பாதி சபை முழங்கால் போட்டுவிட்டது, நான் போய்க் கழன்றிருந்த எர்த் ஒயரை மாட்டிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்குப் பொறாமை ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் ஜெயசீலன் நாவலூர் ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு பஸ் ஓட்டுகிறார். சாவு ஊர்வலம், தேர்ப்பவனி என்றால் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கப் போய்விடுவார். வீட்டில் பேசவே மாட்டார். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ம்". மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் "ம்". வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள். ஆனால் அந்தக் கிளாரினெட்டை எடுத்தாரென்றால் மெல்லிசுத் துணியால் துடைப்பதென்ன, ஊதுகிற வாயில் மாட்டும் ரீடு பட்டையை நாக்கில் வைத்து நனைப்பதென்ன, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பேசாம இத்தையே கட்டிகினு இருந்திருக்கலாம்ல?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அதற்கும் "ம்" தான்.

எங்கள் பக்கம் கிறிஸ்தவர் சாவு ஊர்வலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிளாரினெட் பாட்டின் ஒரு அடியை வாசித்துவிட்டு நிறுத்தும், கூட வருகிறவர்கள் அடுத்த அடியைப் பாடுவார்கள். அந்த இடத்தை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவன்தான் நல்ல வாசிப்புக்காரன். இப்போது எங்கே, கூட வருகிறவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள், யாரும் பாடுவதில்லை. அதனால் இவர் இரண்டு அடியையும் தானே வாசித்து முடித்துவிடுவார். பல வருஷமாக அவர் இடம் விட்டு வாசித்து நான் கேட்டதே இல்லை.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். மாமல்லபுரத்தில் மீனவர் குப்பத்தை ஒட்டி துலுக்காணம் என்று ஒருவருக்கு வீடு இருக்கிறது. அதில் ஒரு வெள்ளைக்காரர் நெடுநாள் குடியிருந்து, போகும்போது நிறைய சாமான்களைப் போட்டுவிட்டுப் போனார். அதில் ஒன்று பழைய ஜப்பான் சிந்தசைசர், ஆர்மோனியம் மாதிரி கட்டை வைத்த கரண்ட் வாத்தியம். உப்புக்காற்றில் துருப்பிடித்து, பாதி கட்டைகள் உட்கார்ந்து கிடந்தது. துலுக்காணம் அதைக் கடைக்குக் கொண்டுவந்து, "ஓடுச்சுன்னா நீயே வெச்சிக்கம்மா, வூட்ல எடத்த அடைச்சிகினு கீது" என்று வைத்துவிட்டுப் போனார். கட்டைகளைச் சரி செய்ய முடியவில்லை. ஆனால் பின்பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. அதில் ஒயர் சொருகி வெளியிலிருந்து எந்த வாத்தியத்தின் சத்தத்தையும் உள்ளே விடலாம், மெஷினின் ஃபில்டர் வழியாக அது வெளியே வரும். ஃபில்டர் என்றால் ஒன்றுமில்லை, ஒரு திருகு இருக்கும், இடது பக்கம் திருகினால் பக்கத்து வீட்டு ரேடியோ போலச் சத்தம் அமுங்கும், வலது பக்கம் திருகினால் பளிச்சென்று திறக்கும். இன்னொரு திருகை முழுதாக ஏற்றினால் ஃபில்டர் தானாகவே விசிலடிக்கும். அது கோளாறில்லை, அந்தக் காலத்து மெஷின்களின் குணமே அதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதற்குத் தெரியுமா? அவர் கிளாரினெட்டோடு மட்டும் இருக்கிறாரே, நடுவில் நானும் நுழையலாம் என்றுதான். அவர் வாசிக்க வாசிக்க நான் திருகைத் திருகுவேன், இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஒன்று செய்ததாக இருக்கும் அல்லவா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, வெயில் கொளுத்துகிற மத்தியானம். மைக் வைத்துக் கிளாரினெட் சத்தத்தை மெஷினுக்குள் விட்டேன். ஃபில்டரைத் திறக்கத் திறக்க அவர் முகம் மலர்ந்தது. விசில் திருகை ஏற்றினேன், பாட்டுக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில் கூடவே ஓடியது. "ஐயோ, சூப்பரா கீதே!" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்குக் கிடைக்காத வார்த்தை.

அப்புறம்தான் அது நடந்தது. ஃபில்டரை இடது கோடிவரை மூடினேன். மூடினால் சத்தம் செத்துவிட வேண்டும், கிளாரினெட் செத்துவிட்டது. ஆனால் அந்த விசில் நின்றபாடில்லை, அது மெல்ல இறங்கிக் குரலாகிவிட்டது. பெண் குரல். வார்த்தை தெளிவில்லை, ஆனால் அவர் வாசித்த பாட்டின் அடுத்த அடி. எனக்கு முதலில் பயமெல்லாம் வரவில்லை. ஏதோ எஃப்.எம். ஸ்டேஷன் ஒயரில் பிடிக்கிறது என்றுதான் நினைத்தேன், பழைய மெஷினில் அது சகஜம். விசில் திருகை இறக்கினேன், குரல் போகவில்லை. ஒயரை மாற்றினேன், போகவில்லை. பிறகு காதைக் கிட்டே கொண்டுபோனேன். ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் அவள் மூச்சு இழுக்கிறாள். நான் எத்தனையோ மெஷின்களைப் பிரித்திருக்கிறேன், எந்த ஃபில்டருக்கும் மூச்சு வாங்கத் தேவையில்லை.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். அந்த மூச்சுகூட என்னை அவ்வளவாக உலுக்கவில்லை. அவர் ஒரு அடியை வாசித்துவிட்டு, கிளாரினெட்டை உதட்டிலிருந்து எடுத்து, கண்ணை மூடி, காத்திருந்தார். அவளுக்கு இடம் விட்டார். அதைப் பார்த்ததும்தான் என் வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் தினமும் இதே கூத்து. டியூட்டி முடிந்து சாயங்காலம் வந்ததும் வராததுமாக அந்த மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். சும்மா இல்லை, குளித்துவிட்டு, தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு. எனக்காக அந்த மனிதர் என்றைக்குப் பவுடர் போட்டார்? ஃபில்டரை மூடுவதற்கு நான் தேவையில்லை, அவரே திருகிக்கொள்ளப் பழகிவிட்டார். இவர் ஒரு அடி, அவள் ஒரு அடி. நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்தால் அது வெங்காயத்துக்கா வேறெதற்கா என்று எனக்கே தெரியாமல் நிற்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கரண்டியோடு போய் நின்றேன்.

"யாருங்க அவ?"

"எவ?"

"நடிக்காதீங்க. உள்ள பாடிகினு இருக்காளே, அவ."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். "இன்னா மெர்சி, பேஜார் பண்றியா? அது நீதானே."

"நானா?"

"உன் கொரலு எனக்குத் தெரியாதா? மெஷின்ல நீதான் எப்பவோ பாடி ஏத்தி வெச்சிருக்க. எனக்காகத்தான் பண்ணியிருக்கன்னு நெனச்சிகினு இருந்தேன்." சொல்லும்போது அவருக்கு வெட்கம் வந்துவிட்டது, கிளாரினெட்டைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மெஷினில் எதையும் ஏற்றி வைக்க முடியாது, அதற்கு அப்படியொரு வசதியே கிடையாது. எனக்கோ பாட்டும் வராது. சர்ச் குவையரில் பாடக் கொஞ்ச நாள் நின்று பார்த்தேன், மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், நீங்க மைக்க மட்டும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். யாருக்குமே தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் அடையாளம் தெரியாது என்பீர்கள். ஊர் உலகத்துக்கு அது சரி. நான் வருஷக்கணக்காக மைக் டெஸ்ட் செய்து என் குரலை எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டுச் சலித்தவள். கரகரப்பு எங்கே, மூக்கால் வருவது எங்கே, எல்லாம் அத்துப்படி. அது என் குரல் இல்லை.

இருந்தாலும் போனில் பதிவு செய்து, படாளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற என் நாத்தனார் ஷீலா வந்தபோது, ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி! நீங்க இவ்ளோ நல்லா பாடுவீங்களா? சொல்லவே இல்ல பாத்தீங்களா! அண்ணன் குடுத்து வெச்சவருதான்." அவள் முகத்தில் எனக்கு என்றைக்கும் கிடைக்காத ஒரு மரியாதை. அவள் போன பிறகு அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்தக் குரல் எனக்கு இருந்திருந்தால் இவர் என்னோடு பேசியிருப்பார் என்று தோன்றியது. அவளை அப்படியே கழுத்தை நெரித்துவிடலாமா என்று இருந்தது, ஆனால் கழுத்து எங்கே இருக்கிறது?

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை கோபம்தான், அதற்கப்புறம்தான் பயம் வந்தது. துலுக்காணம் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த வெள்ளைக்காரரோட பொம்பள யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்லியேம்மா. தனி ஆளு. வீட்டம்மா அவுங்க ஊர்லயே செத்துட்டாங்கன்னு சொன்னாரு. இன்னா, மெஷினு ஓடலியா?"

"ஓடுது, நல்லாவே ஓடுது. அதுல இன்னா வாசிப்பாரு அவரு?"

வலையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் யோசித்தார். "வாசிச்சு நான் பாத்ததே இல்லம்மா. அதுல ஹெட்போன சொருகி காதுல மாட்டிகினு சும்மா உக்காந்துகினு இருப்பாரு. ஒருவாட்டி கரண்டு பில்லு குடுக்கப் போனேன், அன்னிக்கு ஏரியா பூரா கரண்டு இல்ல. அப்பவும் மாட்டிகினு, சிரிச்சிகினு இருந்தாரு."

வீட்டுக்கு வந்தேன், சேலையைக்கூட மாற்றவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மெஷினைத் திறந்தேன். ஃபில்டர் போர்டு உள்ளங்கை அகலம்கூட இல்லை. சும்மா டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர், கொஞ்சம் உப்புப் பூத்த ஈயப்பற்று. இதுக்குள்ளேயாடி உட்கார்ந்துகொண்டு என் புருஷனோடு பாடினாய் என்று வாய்விட்டே கேட்டேன். சால்டரிங் அயனைச் சூடாக்கி, ஒவ்வொரு காலாகக் கழற்றி, போர்டைச் சுத்தியலால் தட்டி, தூளைக் குப்பை வண்டியில் என் கையாலேயே போட்டேன். வெட்கமாக இல்லையா என்றால் இல்லை, அப்படியொரு நிம்மதி.

சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். மெஷின் வயிறு திறந்து கிடக்கிறது. கத்துவார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

"இன்னாச்சு?"

"போயிடுச்சு. இனிமே ஓடாது."

"சரி வுடு" என்றார், ஒரு வருத்தமும் இல்லாமல். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி சோறு போட்டேன். என் புருஷன் எனக்குத் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் நாங்கள் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவருக்கு இடது பக்கம், தோள் உரசுகிற தூரத்தில். திடீரென்று அவர் அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினார், யாரோ கூப்பிட்டால் திருப்புவோமே அப்படி. "தோ வந்துட்டேன் மெர்சி" என்றார். என்னிடம் இல்லை, என்னைத் தாண்டி அந்தப் பக்கம். எழுந்து, நீட்டியிருந்த என் காலை மிதிக்காமல் சுற்றி நடந்து உள்ளே போனார்.

இன்றைக்கும் போகிறார். பாஸ்டரிடம் சொன்னேன், ஜெபம் பண்ணினார். டாக்டரிடம் போனோம், காதும் தலையும் நன்றாக இருக்கிறது என்றார். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கும்போதுதான் அவள் அவரைக் கூப்பிடுகிறாள், அதனால் அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நான் எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறேன், தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு. கொஞ்சம் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், எழுந்துவிடுகிறார். அடுக்களைக்குள் அவர் பேசுவது மட்டும் எனக்குக் கேட்கிறது. பஸ்ஸில் நடந்தது, மேனேஜர் சொன்னது, சின்ன வயதில் ஏரியில் விழுந்தது, என்னிடம் சொல்லாத கதையெல்லாம் சொல்கிறார். ஒரு அடி பேசிவிட்டு, நிறுத்தி, அவளுக்கு இடம் விடுகிறார். அப்புறம் சிரிக்கிறார். நேற்று உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டார்.