க/பெ தசரதன்

தாலுகா ஆபீஸ் கிளார்க் தசரதனுக்கு வாழ்க்கையில் ஒரே ஏக்கம்தான். வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியில் வென்றவர் என்று தன் பெயர் அச்சில் வரவேண்டும். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அவர் கண்கள் கலங்கின.

1981இல் ஒரு ஞாயிறு காலை, நண்பர்கள் சக்கரபாணியும் பலராமனும் அவருடன் கிரிவலம் வந்தார்கள். மூவர் வாயிலும் சிவநாமம் இல்லை. "சேர்ந்தால் மறையும், சேராவிட்டால் சண்டை, மூன்றெழுத்து" என்ற கடைசிக் குறிப்பையே லிங்கத்துக்கு லிங்கம் முணுமுணுத்தார்கள்.

"கோபம்னு போடுங்க" என்றார் சக்கரபாணி.

"உங்க வீட்ல கோபம் என்னிக்குங்க மறைஞ்சுது?" என்றார் பலராமன்.

அடி அண்ணாமலையில் இட்லி சாப்பிட உட்கார்ந்தார்கள். "என்னம்மா இது, சட்னில உப்பே இல்ல" என்று பலராமன் கடைக்கார அம்மாளிடம் சண்டைக்குப் போனார். தசரதன் எழுந்து, "உப்பு! உப்பு!" என்று எச்சில் கையோடு அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

போட்டிக்கு ஒரு பெயருக்கு ஒரு தபால் கார்டுதான். தன் பெயரில் ஒன்று அனுப்பியவர், ராசிக்காக மனைவி உண்ணாமலை பெயரிலும் ஒன்று எழுதினார். நாள் முழுக்கப் பட்டா மனுக்களைப் பதிவு செய்யும் கை, பழக்கத்தில் 'க/பெ தசரதன்' என்று சேர்த்துவிட்டது.

குலுக்கலில் உண்ணாமலை வென்றாள். பத்திரிகையைப் பிரித்த தசரதனின் நெஞ்சு உடையப்போன நொடியில், அடுத்த சொல் கண்ணில் பட்டது: "உண்ணாமலை, க/பெ தசரதன், திருவண்ணாமலை."

அந்தப் பக்கத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

"ஜெயிச்ச என் பேரு எங்கங்க?" என்றாள் உண்ணாமலை.

"சட்டம் கொஞ்சம் அகலம் ஜாஸ்தியாயிடுச்சி" என்றார் தசரதன்.